ஈரத்துண்டுச் சங்கத்துத் தெரசக்கா

மாசி மாதத்தின் கடைசி நாட்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் காலையிலேயே வெயில் சுள்ளென்று இறங்கத் தொடங்கிவிட்டது. தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். மூணாறில் கல்லூரியில் படிக்கும் என் மகன் கதிர் போனில் கூப்பிட்டான்.

"அம்மா, பெரியம்மா போயிட்டாங்கம்மா."

எந்தப் பெரியம்மா என்று நான் கேட்கவில்லை. கதிருக்குப் பெரியம்மா ஒருவர்தான். சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் தெரசம்மாள். எங்கள் எல்லோருக்கும் தெரசக்கா. வேலைக்குப் புறப்பட்டு, செருப்பு மாட்ட வாசற்படியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்கூட இல்லை.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். பங்குனி பிறக்கப்போகிறதே, இன்பனை இனி எங்கே வைப்பது என்றுதான் நினைத்தேன். அழுகை அதற்குப் பிறகு வந்தது. வந்தபோது நிற்கவில்லை.

இன்பன் வேலந்தாவளத்து ரம்யாவின் எட்டு மாதக் குழந்தை. என் கதிருக்கும் தெரசக்காவின் மகன் அந்தோணிக்கும் இருக்கிற அதே குறைதான் அவனுக்கும். பிறவியிலேயே வேர்வைச் சுரப்பி கிடையாது. தலைமுடி பூனைமுடி போல லேசாக இருக்கும். பற்கள் ஒன்றிரண்டுதான் முளைக்கும், அதுவும் கூர்கூராக. ஆங்கிலத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. சொல்லி முடிப்பதற்குள் நமக்கே வேர்த்துவிடும். அறிவுக்கும் கைகாலுக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லை. மற்றப் பிள்ளைகள் வெயிலில் ஆடிவிட்டு வேர்த்துக் குளிர்ந்துகொள்வார்கள். இவர்களுக்குச் சூடு உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். கைக்குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. இது மரபணு வழியாக வருவது. பெரும்பாலும் தாயிடமிருந்து மகனுக்கு. எங்கள் கிழக்குப் பாலக்காட்டில் பங்குனியும் சித்திரையும் எப்படி இருக்கும் என்று இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு மாதத்தை இன்பன் தாண்ட வேண்டும் என்றுதான் அக்கா ரம்யாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். "பங்குனி பெறக்கு முன்ன பிள்ளையத் தூக்கிட்டு ஏறி வந்துரு. மழ விழுந்த பெறவு கீழ போனாப் போதும். இங்க நான் இருக்கேன்லா?" என்று போனில் அவர் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. போனில் மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மலையைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று நினைப்பு.

தெரசக்காவை நான் முதலில் பார்த்தது கொச்சியில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பல் பிரிவில். கதிருக்கு அப்போது நான்கு வயது. பொய்ப்பல் வைக்க அளவெடுக்கப் போயிருந்தோம். மரபணுப் பரிசோதனை முடிவும் அன்றைக்குத்தான் கையில் கிடைத்தது. டாக்டர் நல்லவர்தான், மலையாளத்தில் பொறுமையாகவே சொன்னார். என் காதில் விழுந்தது ஒன்றுதான்: அம்மா வழியாக வந்தது. வீட்டில் மாமியார் பிள்ளை பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஆஸ்பத்திரியிலும் சீல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றியது. வராந்தாவில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஏம்மா, ஒனக்கும் மேல்பல்லு ரெண்டு இல்லதானே?"

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, அது உங்களுக்கு எதுக்குங்க?" என்றேன்.

அவர் வாயைத் திறந்து காட்டினார். அதே இடத்தில் அவருக்கும் பல் இல்லை. பிறகு, ஆள் நடமாட்டம் இருக்கிற வராந்தா என்றுகூடப் பார்க்காமல், ரவிக்கையின் முதுகைத் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கம் வேர்த்து நனைந்திருந்தது. மறுபக்கம் பட்டை பட்டையாகக் காய்ந்து கிடந்தது. "பாதி வேர்க்கும், பாதி வேர்க்காது. நம்மள மாதிரி அம்மாமாருக்கு அப்படித்தான். நீயும் வீட்ல போயிக் கண்ணாடியில பாரு" என்றார். அன்றிரவு பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முப்பது வயது வரை என் முதுகு எனக்குத் தெரியாது.

அப்புறம் அவர், "அழுவாத. இந்தா, எம்மவனப் பாத்துக்கோ" என்று ஒரு இளைஞனைக் கைகாட்டினார். அந்தோணிக்கு அப்போது இருபது வயது இருக்கும். தலையில் தொப்பி. தோளில் ஈரத்துண்டு. வாய் நிறையப் பொய்ப்பல்லோடு நர்ஸிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். ஜீப் ஓட்டப் பழகுகிறானாம். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் குறையோடு ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாகி நிற்க முடியும் என்பதை அதுவரை எந்தக் காகிதமும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தச் சித்திரையிலேயே எங்களை மலைக்கு வரச் சொல்லிவிட்டார். முன்பின் தெரியாத ஒருவர், ஒரு பெஞ்சில் அரைமணி நேரம் பேசிவிட்டு, "வெயில் முடியிற வரைக்கும் பையன எங்க வீட்ல விடு" என்கிறார். என் கணவர் பழனிசாமி அதிகம் பேசாதவர். அவரே, "என்ன அம்முணி, வேதக்காரங்க ஊடு, தோட்டத்து ஊடு, ஒத்து வருமா?" என்று கேட்டார். முந்தின வருஷம் கதிரை இரண்டு முறை சூடு தலைக்கேறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதை நினைத்துப் பார்த்தேன். ஒத்து வரும் என்றேன்.

உடுமலையில் மூணாறு பஸ் ஏறினோம். கதிரின் தலையில் ஒரு ஈரத்துண்டு, நெஞ்சில் ஒன்று, என் மடியில் தண்ணீர்க் குப்பி. சின்னாறு காடு தாண்டும்வரை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டே போனேன். அடுத்த வருஷம் எங்களோடு இன்னொரு குடும்பம் சேர்ந்தது. அதற்கடுத்த வருஷம் பீர்மேட்டிலிருந்தும் குமுளியிலிருந்தும்கூட மலைக் குடும்பங்கள் தேடிவந்தன. பஸ் கண்டக்டர்தான் எங்களுக்குப் பெயர் வைத்தவர். "ஈரத்துண்டு சங்கம் வந்தாச்சு, ஜன்னல் சீட்டு விடுங்க" என்று அவர் விளையாட்டாகச் சொன்னது நிலைத்துவிட்டது. பதிவு கிடையாது, தலைவர் கிடையாது. யாராவது தலைவர் யார் என்று கேட்டால் தெரசக்கா, "வெயிலுதான்" என்பார்.

முதல் கோடையில் நடந்ததை எழுதாமல் இந்த அஞ்சலி முழுமையாகாது.

மாமியாருக்கு உடம்பு முடியாததால் கதிரை அக்காவிடம் விட்டுவிட்டு நான் இறங்கிவிட்டேன். லயம் என்பது தோட்டத்துக்காரர்கள் ஒட்டி ஒட்டிக் குடியிருக்கும் வரிசை வீடுகள். அக்கா கொழுந்து எடுக்கப் போகிற நேரத்தில் பக்கத்து வீட்டுச் சரோஜா பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். வெயிலில் விடாதே என்று லயம் முழுக்க அக்கா சொல்லி வைத்திருந்தார். ஆனால் மலையில் ஏது வெயில்? ஒரு நாள் கதிருக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தது. குளிர்ப் பிரதேசத்தில் காலம் காலமாகச் செய்வதை, பாசத்தோடு, சரோஜா செய்தார். அடுப்பை மூட்டி, சுக்குக் காப்பி கொடுத்து, இரண்டு கம்பிளியைப் போட்டுத் தலையோடு மூடிவிட்டார். வேர்த்து ஊற்றினால் காய்ச்சல் தன்னால் இறங்கிவிடும் என்பது அங்கே யாரும் கேள்வி கேட்காத வைத்தியம். வேர்க்க வழியில்லாத பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? கதிருக்கு வலிப்பு வந்துவிட்டது. கொழுந்து நிறுத்துப் போட வந்த அக்கா சத்தம் கேட்டு ஓடி, கம்பிளியை உருவி எறிந்து, பிள்ளையைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் நனைத்து, அந்தோணி ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஜீப்பில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிள்ளை பிழைத்தான்.

தகவல் வந்ததும் நான் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. லயத்து வாசலில் நின்று சரோஜாவைப் பார்த்து, "உங்களையெல்லாம் நம்பி உட்டுட்டுப் போனன் பாருங்க, என்னையச் சொல்லோணும்" என்று ஆரம்பித்து, எழுத முடியாததையெல்லாம் சொன்னேன். சரோஜா அழுதுகொண்டிருந்தார். பையை எடுத்துக்கொண்டு கதிரோடு இறங்கிவிடுவதாகச் சொன்னேன்.

அக்கா என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். முட்டைக்கோஸ் பாத்தி ஓரத்தில் நின்றோம். சத்தமாகவே பேசிப் பழகியவர் அன்றைக்கு மட்டும் மெதுவாகப் பேசினார்.

"அந்தோணிக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான், செல்வி. சேவியரு. ஏழு மாசம். இந்தச் சீக்கு உண்டும்னு அப்ப யாருக்குத் தெரியும்? காய்ச்சலு. வெளிய மழ. ரெண்டு கம்பிளியப் போட்டு நெஞ்சோட கட்டிப் பிடிச்சு, அடுப்புக்கிட்ட உக்காந்திருந்தேன். இப்ப வேர்க்கும், இப்ப வேர்க்கும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வேர்க்கவே இல்ல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொழுந்துக் கறை படிந்த கறுத்த விரல்கள்.

"சரோஜாவ இனி வையாத" என்றார். "தப்புப் பண்ணவளுக்குத்தான் பயம் இருக்கும். பயம் இருக்கவ கையிலதான் பிள்ளையக் குடுக்கணும். நான் சொல்றது ஒனக்கு இப்ப வெளங்காது. பரவால்ல."

உள்ளே போய்க் கதிரைத் தூக்கிவந்து, என் கையில் அல்ல, சரோஜாவின் கையில் கொடுத்தார். பிடுங்கிக்கொள்ளத்தான் எனக்குத் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நான் பையைக் கீழே வைத்தேன். அந்தக் கோடை முழுக்கச் சரோஜா கதிரின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அவனுக்கே கோபம் வந்து, "உடுங்க சித்தி" என்று கத்துவான். வருஷா வருஷம் கீழேயிருந்து பிள்ளைகள் வரும் முன்பு லயத்தின் வாசல் வாசலாகப் போய், காய்ச்சல் வந்தால் என்ன செய்யக்கூடாது என்று சொல்லி வந்தவரும் சரோஜாதான்.

எங்கள் சங்கத்துக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. தவறு செய்தவரை விலக்குவதில்லை. அடுத்த பொறுப்பை அவரிடமே கொடுப்போம். கதிர் ஆறாம் வகுப்பு படித்தபோது புதிதாக வந்த டிரில் மாஸ்டர் ஒருவர், உடம்பு வளையாத பிள்ளை என்று நினைத்து, நடுப்பகலில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, பிள்ளை சுருண்டு விழுந்துவிட்டான். நான் பஞ்சாயத்து மெம்பரைக் கூட்டிக்கொண்டு சண்டைக்குப் போகத் தயாரானேன். அந்த நேரம் எங்கள் வீட்டில் இருந்த அக்கா, "நீ இரு, ஒன் வாயிக்கு வேல இல்ல" என்று என்னை உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் போனார். மாஸ்டரிடம் அவர் சொன்னது இவ்வளவுதானாம்: "சார், நீங்க பயந்துட்டீங்கன்னு மொகத்துலயே தெரியுது. இனிமே இவனுக்கு வெயில் பாக்குற ஆளு நீங்கதான்." அந்த மனிதர் அதன்பின் தண்ணீர் தெளிக்கும் குப்பியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் மைதானத்துக்கு வருவார். விளையாட்டுப் போட்டிகளை வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளத் தலைமை ஆசிரியரிடம் பேசியவரும் அவரே.

அக்கா எங்கள் வீட்டில் இருந்தது எப்படி என்று கேட்பீர்கள். மலைக்கு ஆடி மாதம் பொல்லாதது. மழையும் ஈரமும் விடாது. இந்தப் பிள்ளைகளுக்கு மூக்கும் நெஞ்சும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதனால் சித்திரையில் எங்கள் பிள்ளைகள் மேலே போவதுபோல், ஆடியில் மலைப் பிள்ளைகள் கீழே எங்கள் வீடுகளுக்கு வருவார்கள். "சும்மா வாங்கிட்டே இருந்தா கைய நீட்டிப் பழகிரும். நாங்களும் வருவோம், சோறு போடு" என்று அக்கா முதல் வருஷமே சொல்லிவிட்டார். கணவாய்க் காற்று வீசும் எங்கள் தோப்பில் அவர்கள் பிள்ளைகள் இருமல் தீர்ந்து ஓடித் திரிவதைப் பார்த்தபோது, கொடுக்கவும் எங்களிடம் ஒன்று இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதிகம் பேசாத என் கணவர் பிள்ளைகளுக்கென்றே தோப்பின் நடுவே தண்ணீர்த் தெளிப்பான் ஒன்றைக் கட்டிவைத்தார்.

ஒரு ஆடியில் மாமியார் அக்காவிடமே, "என்ன இருந்தாலும் இவ வவுத்துல இருந்துதானுங்க வந்துது" என்று ஆரம்பித்தார். நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "ஆமாம்மா, நாங்கதான் குடுத்தோம். கண்ணு, காது, படிப்பு, சிரிப்பு, அதுவும் நாங்கதான் குடுத்தோம். அதையும் சேத்துச் சொல்லுங்க. இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துங்க." மாமியார் ரசம் ஊற்றினார். அந்தப் பேச்சு அதன்பின் எங்கள் வீட்டில் எழவில்லை.

குறையே இல்லாதவர் என்று எழுதினால் அவரே சிரிப்பார். யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டார். அவர் போடும் காப்பியில் சர்க்கரைதான் பாதி. மாதா கோயில் பூசையில் பாட்டு தொடங்கினால் மற்றவர்களுக்கு ஒரு சொல் முன்னாலேயே போய்க்கொண்டிருப்பார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனால் ஒரு முறை வெளியூரிலிருந்து ஜெபம் செய்ய வந்த ஊழியக்காரர் ஒருவர், தோட்டத்தில் தங்கியிருந்த எங்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இவர்களுக்கு வேர்வை வரவைக்கிறேன் என்று தலையில் கை வைக்கப் போனபோது குறுக்கே நின்றுவிட்டார். "ஐயா, பிள்ளைங்களுக்கு ஆண்டவரு குடுத்தது போதும். எங்க ஊரு ஆஸ்பத்திரிக்குக் குழந்த டாக்டர் ஒருத்தர் வேணும்னு ஜெபம் பண்ணுங்க. அது நடந்தா நானே சாட்சி சொல்றேன்." ஊழியக்காரர் அதற்கு ஜெபம் செய்தார்; டாக்டர் இன்னும் வரவில்லை.

அவருக்குப் பிடிக்காதது பரிதாபம். அருவி பார்க்க வரும் சுற்றுலாக்காரர்கள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து 'அய்யோ பாவம்' என்றால், பிள்ளைகள் பொய்ப்பல்லைச் சட்டென்று கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் கூட்டம் அலறிக்கொண்டு காருக்குள் போகும். கதிருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அந்தோணி. அந்தோணிக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் அக்கா தேயிலைப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இந்தத் தையில்தான் ரம்யா எங்களிடம் வந்தாள். காரணம் தெரியாத காய்ச்சலுக்கு ஊர் ஊராகப் போய், கடைசியில் குறையின் பெயர் தெரிந்து, யாரோ சொல்லி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் கொச்சி வராந்தாவில் உட்கார்ந்திருந்ததைப் போலவே அவளும் உட்கார்ந்தாள். நான் அக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். மேலே எழுதிய வாக்கு அப்போது கொடுத்ததுதான்.

சாவுச் செய்தி கேட்டதும் ரம்யா, "நானும் வர்றனுங்கக்கா. மொகத்தையாச்சும் பாத்துக்கறேன்" என்று குழந்தையோடு கிளம்பிவிட்டாள். அதே உடுமலை பஸ். அதே ஈரத்துண்டுகள். காடு தாண்டிக் குளிர்காற்று அடித்ததும் இன்பன் கண் விழித்துக் காலை உதைத்தான்.

அடக்கம் மறுநாள். சின்னக்கானல் கோயிலில் இடம் போதவில்லை. பீர்மேட்டிலிருந்தும் குமுளியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் குடும்பங்கள் வந்திருந்தன. அந்தோணியும் கதிரும் இன்னும் சில பையன்களும் பெட்டியைத் தோளில் வாங்கிக் கல்லறைத் தோட்டத்து மேட்டில் ஏறினார்கள். மேட்டில் வெயில் இருந்தது. தோட்டத்து ஆண்கள் கேட்காமலேயே இடையில் தோள் மாற்றி, பையன்களின் சட்டையில் தண்ணீர் ஊற்றி, மறுபடி தோள் கொடுத்தார்கள். பங்குத்தந்தை அதுவரை பொறுமையாகக் காத்திருந்தார். வேர்க்காத பிள்ளைகள் நீண்ட நாள் இருக்கமாட்டார்கள் என்று ஒரு காலத்தில் சொன்ன ஊர் அது. அந்தப் பிள்ளைகள்தான் அக்காவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வாய்விட்டு அழுதேன்.

அடக்கம் முடிந்து கோயில் பின்புறம் காப்பியும் ரொட்டியும் கொடுத்தார்கள். அங்கேதான் சூப்பர்வைசர் அந்தோணியைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. வீடு தோட்டத்து வேலைக்காரருக்கு உரியது. அக்கா இல்லை, அந்தோணியோ ஜீப் ஓட்டுகிறவன், அவன் மனைவிக்கு மூணாறில் கடை வேலை. மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும். அந்தோணி தலையாட்டினான். மூணாறில் அவன் பார்த்திருப்பது கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. தகரத்தடியில் கைக்குழந்தையை வைக்க முடியாது. சரோஜா இருந்திருந்தால் ஒரு வழி பிறந்திருக்கும். அவரும் போன வருஷம் ஓய்வு பெற்றுத் தென்காசிப் பக்கம் மகளோடு போய்விட்டார். நம் ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். லயத்தில் இப்போது பாதிக்குமேல் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள்.

ரம்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எம்பையன இனி எங்க கொண்டுட்டுப் போறதுங்கக்கா?" என்று கேட்டாள். பார்த்துக்கலாம் என்று சொன்னேன். அந்த வார்த்தையை அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அக்காவின் வீட்டில் சாமான்களை ஒழுங்குபடுத்தப் போனோம். குழந்தையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் ரம்யா ஒரு கணம் அவனைக் காணாமல் பதறிவிட்டாள். இரண்டு வீடு தள்ளி இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். ஓடினோம்.

அது பூல்மணியின் வீடு. ஜார்க்கண்டிலிருந்து கணவனோடும் இரண்டு சின்னப் பெண்களோடும் வந்து கொழுந்து எடுப்பவள். நான் அவளிடம் அதற்கு முன் பேசியதில்லை. உள்ளே ஒரே ஒரு அறை. லயத்து வீடுகளில் ஜன்னலைக் குளிருக்குப் பயந்து பிளாஸ்டிக் தாள் வைத்து ஆணி அடித்து அடைத்திருப்பார்கள், கோடையில்கூடத் திறப்பதில்லை. அந்த அறையின் ஜன்னலில் தாளைப் பிடுங்கியிருந்தார்கள். ஆணியின் துளைகள் புதிதாக இருந்தன. காற்று நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. பூல்மணியின் பெண்கள் இருவரும் ஸ்வெட்டர் போட்டு, குல்லா மாட்டி, ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்துக் கட்டிலில், மெல்லிய பருத்திச் சட்டையோடு, இன்பன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"எப்ப எடுத்தீங்க இத?" என்று ஜன்னலைக் காட்டிக் கேட்டேன்.

பூல்மணி தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். "போன வாரம். அக்கா சொல்லிச்சு. கீழேருந்து பாப்பா வரும், என் வீட்ல எடம் பத்தாது, ராத்திரி நீ பாக்கணும்னு. நான் சரி சொல்லிச்சு." பிறகு என்னையும் ரம்யாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா போயிடுச்சு. பாப்பா வரும்தானே?"

ரம்யா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பூல்மணிக்கு நாங்கள் ஏன் அழுகிறோம் என்று புரியவில்லை. தான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டதாக நினைத்து, "கட்டில் பெரிசுதான், அம்மாவும் படுக்கலாம்" என்றாள்.

ரம்யா தன் கணவனைப் போனில் கூப்பிட்டாள். அவன், "இங்க இன்னைக்கே அனலாத்தான் அடிக்குது. நீ அங்கயே இரு புள்ள. துணிமணியெல்லாம் நான் கொண்டாறேன்" என்றான். மறுநாள் நான் மட்டும் பஸ் ஏறினேன். வழியனுப்பக் கதிரும் பூல்மணியின் மூத்த பெண்ணும் வந்தார்கள். ஆடியில் தோப்புக்கு வருகிறாயா என்று அவளிடம் கேட்டேன். அவளுக்குத் தமிழ் நன்றாக வருகிறது. "அங்க குளிராதுதானே?" என்று கேட்டாள்.

தெரசக்கா, இதை எழுதும்போது பங்குனி பிறந்துவிட்டது. இங்கே தென்னையோலைகூட அசையவில்லை. காலையில் ரம்யா போன் செய்தாள். இன்பன் பூல்மணியின் சின்னவளோடு படுத்துக்கொண்டு அவள் குல்லாவைப் பிடித்து இழுக்கிறானாம். முதல் பல் ஒன்று எட்டிப் பார்க்கிறதாம், கூர்கூராக. நெற்றி குளிர்ச்சியாக இருக்கிறதாம். உங்களிடம்தான் இதை முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. குழந்தை நன்றாக இருக்கிறான், அக்கா. போய் வாருங்கள்.